தேவாலயத் தரையில் நண்பகல் கோடு எதற்கு?

கேள்வி:
பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கலிலியோவை 1633-ல் தண்டித்த அதே கத்தோலிக்கத் திருச்சபை, 1655-ல் இத்தாலியின் பொலோனியா நகரில் உள்ள சான் பெட்ரோனியோ ஆலயத்தில் சூரியனை அளக்க வானியலாளர் காசினிக்கு இடம் கொடுத்திருக்கிறது. இது எப்படி? அங்கே என்னதான் அளந்தார்கள்?

பதில் 1:
எல்லாம் ஈஸ்டருக்காகத்தான். மார்ச் 21 அன்றோ அதன் பிறகோ வரும் பௌர்ணமியை அடுத்த ஞாயிறு ஈஸ்டர். பழைய ஜூலியன் காலண்டரின் ஆண்டு, உண்மையான ஆண்டைவிடச் சுமார் 11 நிமிடம் நீளம். 128 வருடத்துக்கு ஒரு நாள் பிசகும். மார்ச் 21-ல் வர வேண்டிய சம இரவு நாள் (பகலும் இரவும் சமமாகும் நாள்) 1582-க்குள் மார்ச் 11-க்கு வந்துவிட்டது. அதனால்தான் காலண்டரைத் திருத்தினார்கள்; அந்த வருடம் அக்டோபர் 4-க்கு மறுநாள் 15.

திருத்தம் சரிதானா என்று பார்க்க உயரமான, இருட்டான, அசையாத கட்டடம் வேண்டும். மேலே ஒரு துளை; அதன் வழியே விழும் சூரியப் பிம்பம் நண்பகலில் தரையில் வரைந்த வடக்கு-தெற்குக் கோட்டைக் கடக்கும், அதுதான் நண்பகல் கோடு. காசினியின் துளை 27 மீட்டர் உயரத்தில். விட்டம் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, 27 மி.மீ. பெரிதானால் பிம்பத்தின் விளிம்பு மங்கும், சிறிதானால் வெளிச்சம் போதாது. சம இரவு நாளை ஒட்டி நண்பகல் பிம்பம் தினமும் ஏறத்தாழ 37 செ.மீ. நகரும். ஆக, தரையில் 1 செ.மீ. தப்பினால் நேரத்தில் 40 நிமிடம் தப்பும்.

பதில் 2:
காலண்டரோடு நிறுத்திவிடாதீர்கள், அதைவிடப் பெரிய விஷயம் பிம்பத்தின் அளவில் இருக்கிறது. சூரியனின் தோற்ற விட்டம் ஜனவரியில் அதிகம், ஜூலையில் குறைவு. பூமியை நடுவில் வைத்த பண்டைய வானியலாளர் டாலமியின் கணக்குப்படி வித்தியாசம் சுமார் 2 கலை வர வேண்டும் (கலை என்பது பாகையில் 60-ல் ஒரு பங்கு). பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற வானியலாளர் கெப்ளரின் கணக்குப்படி 1 கலை. கோடைப் பிம்பத்தில் 1 கலை வெறும் 8 மி.மீ.தான். அதையும் பிரித்தறிந்து, கெப்ளர் சொன்னதே சரி என்று காசினி காட்டினார்.

கேள்வி கேட்டவர்:
நன்றி. கெப்ளர் சரி என்றால் பூமி சுற்றுகிறது என்று ஆகிவிடாதா? சபை எப்படி விட்டது?

பதில் 2:
ஆகாது. பூமி சுற்றினாலும் சூரியன் சுற்றினாலும் இடையிலுள்ள தூரம் ஒரே மாதிரிதான் மாறும். அதனால் இந்த முடிவு, பூமி சுற்றுகிறது என்று சொல்வதற்கு இருந்த தடையில் சிக்கவில்லை.

பதில் 3:
அதற்காக மோதலே இல்லை என்று சொல்லிவிட முடியாது. பூமி சுற்றுகிறது என்று சொல்லும் நூல்களுக்கு 1616-ல் வந்த பொதுத் தடை, சபையின் தடைசெய்த நூல்களின் 1758 பட்டியலில்தான் நீங்கியது. கோப்பர்நிக்கஸ், கலிலியோ நூல்கள் 1835 வரை பட்டியலில் இருந்தன. அளக்கப் பணமும் இடமும் கிடைத்தன, பூமி சுற்றுகிறது என்று வெளிப்படையாகச் சொல்லும் உரிமை கிடைக்கவில்லை. இரண்டையும் சேர்த்துத்தான் பார்க்க வேண்டும்.

கட்டடமும் அப்படியே நிற்காது. துளை 1 செ.மீ. தாழ்ந்தால் பிம்பம் கோடையில் 4 மி.மீ. விலகும், குளிர்காலத்தில் 2.5 செ.மீ. காசினியே 1695-ல் திரும்பி வந்து கோட்டைச் சரிசெய்ய வேண்டியிருந்தது.