கழுத்துத் தண்டுவட ஆபரேஷனுக்குப் பிறகு யாரிடம் எதைக் கேட்கணும்?

கேள்வி (உசிலம்பட்டி): அப்பாவுக்கு 63 வயசு. கழுத்தெலும்புத் தேய்மானத்தில் தண்டுவடம் நசுங்கி, ஆபரேஷன் முடிந்து ஆறு வாரம். விறைப்பைக் குறைக்கிற பேக்லோஃபென் மாத்திரை 10 மி.கி. மூணு வேளை. கால் விறைப்பு குறைஞ்சிருக்கு, ஆனா நிற்கும்போது முட்டி மடங்குது. சிறுநீர் சொட்டுச் சொட்டா வருது. சர்ஜன், பிசியோ, சிறுநீரக டாக்டர் (யூரோ) ஆளுக்கொரு சீட்டு. மதுரைக்கு அடிக்கடி கூட்டிப்போக முடியலை.

பிசியோதெரபிஸ்ட்: பலவீனமான கால், விறைப்பைப் பிடிச்சுக்கிட்டுதான் நிற்கும். மாத்திரை விறைப்பை எடுத்துட்டா முட்டி துவளும். மாத்திரை போட்டு எத்தனை மணி நேரத்தில் மடங்குதுன்னு எழுதுங்க. உங்க பிசியோ நிற்கவைச்சுப் பார்த்து டாக்டர்கிட்டச் சொல்லணும், அளவை மாத்துறது டாக்டர். நீங்களா நிறுத்திடாதீங்க. பேக்லோஃபெனைத் திடீர்னு விட்டா வலிப்பே வரலாம்.

வாரம் ஒருநாள், 10 விநாடியில் விரல்களை எத்தனை தடவை முழுசா மடக்கி விரிக்கிறார்னு எண்ணுங்க. 20-க்குக் கீழேன்னா குறைவு. எண்ணிக்கை வாராவாரம் இறங்கினாலோ, செருப்பு கழண்டு விழுந்தது தெரியாம நடந்தாலோ சர்ஜனுக்கு உடனே சொல்லணும். கழுத்தைத் திருப்பிச் சொடக்கு எடுக்கிறவங்ககிட்டக் கண்டிப்பா வேண்டாம்.

நர்ஸ்: எனக்குக் கவலை சிறுநீர்தான் தம்பி. சிறுநீர்ப்பை நிரம்பி வழிஞ்சாலும் சொட்டுச் சொட்டாத்தான் வரும். சிறுநீர் போய்ட்டு வந்த கையோட ஸ்கேன்ல பையில மிச்சம் எவ்வளவுன்னு பார்க்கச் சொல்லுங்க, தள்ளிப்போடாதீங்க. அடியோட நின்னுட்டா அன்னைக்கே ஆஸ்பத்திரி. குழாய் விட்டு எடுக்கச் சொன்னாங்கன்னா பொதுவா 4–6 மணி நேரத்துக்கு ஒருதடவை. ஒருதடவைக்கு 500 மில்லியைத் தாண்டினா இடைவெளியைக் குறைக்கணும். நம்ம ஊர் வெயில்ல, சிறுநீருக்குப் பயந்து தண்ணியைக் குறைச்சா மலச்சிக்கலும் தொற்றும் சேர்ந்து வரும்.

விறைப்பு திடீர்னு கூடினா, மாத்திரையைக் கூட்டுறதுக்கு முன்னாடி சிறுநீர்த் தொற்று, மலச்சிக்கல், புட்டத்திலும் குதிகாலிலும் புண், சதையில குத்துற கால் நகம், எல்லாத்தையும் பாருங்க. எங்கேயோ இருக்கிற உறுத்தல்தான் காலை இழுக்கும்.

கிராம சுகாதாரப் பணியாளர்: அரசோட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்துல பிசியோ வீட்டுக்கே வருவாங்க, உங்க ஆரம்ப சுகாதார நிலையத்துல பதிவு பண்ணுங்க. டிஸ்சார்ஜ் சீட்டோட நகல் கொடுங்க, எந்த அசைவு கூடாதுன்னு அவங்களுக்குத் தெரியணும். எல்லாரும் ஒரே நோட்டுல எழுதட்டும். மதுரைக்குப் போறப்ப அதைக் கையில வைச்சுக்குங்க.

கேட்டவர்: சிறுநீரை எதில் அளக்கணும் அக்கா?

நர்ஸ்: அளவுக்கோடு போட்ட ஒரு லிட்டர் பிளாஸ்டிக் ஜாடி. சமதளத்துல வைச்சு, கண்ணுக்கு நேரா பார்த்து, மணியோட சேர்த்து எழுதுங்க.