தொடக்ககாலக் குவேக்கர்களிடம் நமக்கு என்ன இருக்கிறது?

கோத்தகிரி வாசி:
எல்லாருக்கும் ஸ்தோத்திரம். எங்கள் தெருவில் வெள்ளிக்கிழமை வீட்டு ஜெபக்கூட்டம் நடக்கிறது. பாட்டு, சாட்சி, செய்தி என்று ஒன்றரை மணி நேரத்தில் ஒரு நிமிஷம்கூட அமைதி கிடையாது. போன வாரம் கரண்ட் போய் கீபோர்டு நின்றுவிட்டது, தகரக் கூரையில் மழைச் சத்தம் மட்டும்தான், யாரும் பேசவில்லை. அன்றுதான் உண்மையாக ஜெபித்தேன் என்று தோன்றியது. அதிலிருந்து 1650களில் இங்கிலாந்தில் போதகர் இல்லாமல் மௌனமாகக் காத்திருந்து ஆராதித்த குவேக்கர்களைப் பற்றிப் படித்துக்கொண்டிருக்கிறேன். நம் ஊரிலேயே வாழ்ந்த மார்ஜரி சைக்ஸ் அம்மையார், 1928ல் சென்னைக்கு ஆசிரியையாக வந்து பிறகு காந்தியின் ஆதாரக் கல்விக்காக உழைத்தவர், அவரும் குவேக்கர்தான். சபையை விட்டுப் போகிற எண்ணம் எனக்கு இல்லை. நம்மைப் போன்றவர்கள் அவர்களிடம் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது?

குன்னூர் மளிகை:
மௌனத்தை மட்டும் எடுத்தால் பாதிதான் தம்பி. குவேக்கர் இயக்கத்தைத் தொடங்கிய ஜார்ஜ் ஃபாக்ஸும் கூட இருந்தவர்களும் கூட்டத்தில் கேட்டதைக் கடையில் செய்தார்கள். பேரம் பேசுவதற்காக விலையை ஏற்றிச் சொல்லிவிட்டு இறங்கி வருவதும் பொய்தான் என்று ஒரே விலை வைத்தார்கள். முதலில் வாடிக்கை போனது, அப்புறம் சின்னப் பிள்ளையை அனுப்பினாலும் ஏமாற்றமாட்டார்கள் என்று ஜனம் திரும்பி வந்தது. 'உள்ளதை உள்ளதென்றும், இல்லதை இல்லதென்றும்' என்ற வசனத்துக்காகக் கோர்ட்டில் சத்தியம் செய்ய மறுத்து ஜெயிலுக்கும் போனார்கள். நான் சீசனில் டூரிஸ்டுக்கு வர்க்கி ஒரு விலை, ஊர்க்காரருக்கு ஒரு விலை என்று விற்றவன். இதைப் படித்த ராத்திரி தூக்கம் வரவில்லை. இப்போது விலையைச் சிலேட்டில் எழுதிக் கடை வாசலில் மாட்டியிருக்கிறேன்.

கொழுந்துக்காரி மகள்:
எனக்குப் பிடித்தது அவர்கள் பேசிய விதம். அன்றைய ஆங்கிலத்தில் பெரிய மனிதருக்கு ஒரு சொல், கீழே இருப்பவருக்கு நம் 'நீ' மாதிரி வேறு சொல். குவேக்கர்கள் நீதிபதியையும் 'நீ' என்றார்கள், தொப்பியையும் கழற்றவில்லை, அதற்கு அடி வாங்கினார்கள். எங்க அம்மா முப்பது வருஷம் கொழுந்து பறித்தவர். எடை போடுகிற இடத்தில் அவர் வயதில் பாதி இருக்கிற பையன் 'ஏய், கூடையை வை' என்பான், அம்மா 'வைக்கிறேங்க' என்பார். அதே பையன் ஞாயிற்றுக்கிழமை சபையில் வேதபாடம் வாசிப்பான். நம் தமிழில் இதைத் தலைகீழாகச் செய்யணும், எல்லாரையும் 'நீங்க' என்று கூப்பிடணும், கக்கூஸ் கழுவ வருகிறவரையும்தான்.

கொடைக்கானல் ஊழியர்:
அக்கா சொன்னது என் நெஞ்சைத் தைத்தது. ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன். ஞானஸ்நானம், திருவிருந்து இரண்டையும் அவர்கள் சடங்காகச் செய்யவில்லை, அதில் எனக்கு உடன்பாடு இல்லை. ஒவ்வொருவர் உள்ளத்திலும் கடவுள் தரும் வெளிச்சம் உண்டு, அதுவே உள்ளொளி என்பார்கள். அதை நம்பி ஒருவர் தனியாகக் கிளம்பினால் ஆபத்தும் உண்டு. 1656ல் ஜேம்ஸ் நெய்லர் என்ற குவேக்கர், இயேசு எருசலேமுக்கு வந்தது போல பிரிஸ்டல் நகருக்குள் குதிரையில் வந்து கொடிய தண்டனை பெற்றார். தனக்கு வந்த ஏவுதலைச் சபையாரோடு உட்கார்ந்து சோதித்துப் பார்க்கிற பழக்கம் அதற்குப் பிறகு வலுப்பட்டது. ஆனால் 1664ல் ரெடிங் ஊரில் பெரியவர்களையெல்லாம் ஜெயிலில் போட்டபோது பிள்ளைகளே கூடி ஆராதனையை விடாமல் நடத்தினார்களே, அதை நினைத்தால் இன்றைக்கும் கண் கலங்குகிறது.

கோத்தகிரி வாசி:
எல்லாருக்கும் நன்றி. இந்த வெள்ளிக்கிழமை பாட்டுக்கு முன்னால் பத்து நிமிஷம் மௌனமாக உட்காரக் கேட்டிருக்கிறேன், ஐயாவும் சரி என்றுவிட்டார். அக்கா, பக்கத்து ஊர் என்றால் அம்மாவையும் கூட்டிக்கொண்டு வாங்க.