புது ஃபேன் 4-ல வெச்சா நின்னு நின்னு ஓடுது, ஆட்டமும் இருக்கு. அவசர உதவி

நிலா_கும்பகோணம் | இரவு 8.40
பெட்ரூம்ல நேத்து புது ஃபேன் மாட்டினோம். ரிமோட்ல 1, 2, 3 வரைக்கும் ஓடுது. 4 வெச்சா பத்து செகண்ட்ல நின்னுடுது, பீப்னு ஒரு சத்தம், தானா மறுபடி கிளம்புது, மறுபடி நிக்குது. ஆட்டமும் ஜாஸ்தி. கடையில கேட்டா மாட்டினது தப்புங்கறாங்க, மாட்டினவர் பீஸே தப்புங்கறார். கைக்குழந்தை தூங்கற ரூம், அடியில படுக்கவே பயமா இருக்கு. யாராவது சொல்லுங்க ப்ளீஸ்.

கரண்ட்கம்பி | 8.52
சாதா ஃபேனா, பிஎல்டிசியா (காந்த மோட்டார் வெச்சு, கரண்ட் கம்மியா இழுக்கற வகை)? பெட்டியில எத்தனை வாட்ஸ் போட்டிருக்கு? சுவத்துல பழைய ரெகுலேட்டர் இருக்கா? இன்வெர்ட்டர் லைனா? இதெல்லாம் தெரியாம எதைச் சொன்னாலும் குருட்டாம்போக்குதான்.

சோலை_சிவகாசி | 8.55
மோட்டாரைக் கிளப்பற கண்டன்சர் (கெப்பாசிட்டர்) போயிருக்கும். 2.5 மைக்ரோ ஃபாரட், 440 வோல்ட், எந்த எலக்ட்ரிக்கல் கடையிலயும் கிடைக்கும். மேல் கப்பை இறக்கினா தெரியும். பழசுல என்ன நம்பர் போட்டிருக்கோ அதே நம்பர் வாங்குங்க. 3.15 போட்டா வேகம் கூடும்னு சொல்றவங்களை நம்பாதீங்க, காயில் சூடாகும்.

பழைய_ஸ்பேனர் | 9.03
கேள்வியை முழுசாப் படிச்சுட்டுப் பதில் போடுற பழக்கம் இந்தப் பக்கம் யாருக்கும் வராது போல. ரிமோட்னு எழுதியிருக்காங்க, பீப்னு எழுதியிருக்காங்க. அப்போ அது பிஎல்டிசி. அதுல ஸ்டார்ட்டிங் காயில், ரன்னிங் காயில்னு பிரிவே கிடையாது, நீங்க சொல்ற கண்டன்சரும் கிடையாது. சுத்தற பாகத்துல காந்தம், நடுவுல மூணு பேஸ் காயில், அதை ஓட்ட ஒரு டிரைவர் போர்டு. அடிப்படை.

கரண்ட்கம்பி | 9.08
ஸ்பேனர் சார், கண்டன்சர் போட்ட சாதா ஃபேனே ரிமோட்டோட வருது. அதுக்குத்தான் வாட்ஸ் கேட்டேன். 1200 எம்எம் ஃபேன்ல 28 முதல் 35 வாட்ஸுக்குள்ள இருந்தா பிஎல்டிசி, 70-80 இருந்தா சாதா.

மீட்டர்_முத்து | 9.11
லோ வோல்டேஜ் மாதிரி தெரியுது. ராத்திரி எட்டு மணிக்கு மேல எல்லா வீட்லயும் ஏசி ஓடும், வோல்டேஜ் இறங்கும். மல்டிமீட்டரை ஏசி வோல்டேஜ் 750 ரேஞ்சுல வெச்சு ப்ளக் பாயின்ட்ல பாருங்க. 180-க்குக் கீழ காட்டினா மின்வாரியத்துல புகார் குடுங்க.

நிலா_கும்பகோணம் | 9.20
32 வாட்ஸ், 1200 எம்எம். மீட்டர் வீட்ல இல்ல. இதே மாடல் ஹால்லயும் நேத்தே மாட்டினோம், அது 5-லயும் நல்லா ஓடுது. லேசா ஆடுது, அவ்வளவுதான். ரெகுலேட்டர் சுவத்துல பழசு அப்படியே இருக்கு, அதை யாரும் தொடல.

கரண்ட்கம்பி | 9.34
தொடாததுதான் கோளாறு. வோல்டேஜ் குறைஞ்சிருந்தா ஹால் ஃபேனும் சேர்ந்து தடுமாறியிருக்கும், ஒரே சர்வீஸ்தானே. பெட்ரூம் ரெகுலேட்டர் திருகு இப்ப எந்த நம்பர்ல நிக்குது பாருங்க. பழைய ஃபேன் ஓடினப்ப வெச்ச 2-லயோ 3-லயோதான் இருக்கணும். ஹால்ல 5-ல இருக்கும்.

காரணம் இதுதான். திருகினா டக் டக்னு படி படியா நிக்கற ரெகுலேட்டர்ல, கீழ் நம்பர்கள்ல ஃபேனுக்கு முன்னால ஒரு கண்டன்சர் தொடர்ச்சியா உட்கார்ந்திருக்கும். அது விடுற கரண்டுக்கு ஒரு அளவு உண்டு. ரிமோட்ல 1, 2, 3 வரைக்கும் மோட்டாருக்கு அந்தக் கரண்ட் போதும். 4-க்குப் போனதும் டிரைவர் போர்டு அதிகமா இழுக்கும், உள்ள வர்ற வோல்டேஜ் சரியும், போர்டு தன்னையே அணைச்சுக்கும். சுமை போனதும் வோல்டேஜ் ஏறும், திரும்ப உயிர் வந்து பீப் அடிக்கும். நீங்க எழுதினது அச்சு அசலா இதேதான்.

இன்னிக்கு ராத்திரிக்கு ரெகுலேட்டரைக் கடைசி நம்பருக்குத் திருப்பி வெச்சு, 4-ல ஓட்டிப் பாருங்க, ஓடினா காரணம் உறுதி. பார்த்ததும் 1-க்கே இறக்கிடுங்க. ஆடற ஃபேனை வேகமா விடக் கூடாது.

நாளைக்குப் பகல்ல ரெகுலேட்டரையே லைன்ல இருந்து எடுத்துடணும். யாராவது தெரியாம ஒரு தடவை திருப்பினா மறுபடி ஆரம்பிச்சுடும். படி இல்லாம வழவழன்னு சுத்தற டிம்மர் வகையா இருந்தா இன்னும் மோசம், அது அலையையே நறுக்கி அனுப்பும், டிரைவர் போர்டு கொஞ்ச நாள்ல போயிடும்.

எடுக்கற முறை: சுவிட்சை மட்டும் அணைச்சா போதாது, மெயின் போர்டுல டிரிப்பரை (எம்சிபி) இறக்குங்க. டெஸ்டரை முதல்ல வேற ரூம்ல கரண்ட் இருக்கற பாயின்ட்ல வெச்சு, அது எரியுதான்னு பார்த்துட்டு அப்புறம் இங்க பாருங்க. போர்டைக் கழட்டினா ரெகுலேட்டர்ல ரெண்டே வயர் இருக்கும். ஒண்ணு சுவிட்சுல இருந்து வர்றது, இன்னொண்ணு மேல ஃபேனுக்குப் போறது. சுவிட்சுல இருந்து வர்ற துண்டைக் கழட்டிப் போட்டுட்டு, ஃபேனுக்குப் போற வயரை சுவிட்சுல அந்தத் துண்டு இருந்த டெர்மினல்லயே திருகிடுங்க. நீளம் பத்தலைன்னா கனெக்டர் வெச்சு நீட்டுங்க, முறுக்கி டேப் சுத்தறது வேண்டாம். நியூட்ரலைத் தொட வேலையே இல்ல. காலி ஓட்டைக்கு ஒரு டம்மி பிளேட். ஹால்லயும் இதையே செய்யணும்.

சோலை_சிவகாசி | 9.41
இதுக்குத்தான் பிஎல்டிசியே வேண்டாங்கறது. போர்டு போனா அந்தக் கம்பெனி போர்டுதான் வேணும், வாரன்டி முடிஞ்சா சுமாரா பாதி ஃபேன் விலை. சாதா ஃபேன்னா 6201, 6202 பேரிங்கும் ஒரு கண்டன்சரும் போதும், எந்த ஊர் வைண்டிங் கடையிலயும் காயில் கட்டிக் குடுப்பாங்க.

மீட்டர்_முத்து | 9.47
கரண்ட் பில்லையும் பாருங்க சோலை அண்ணே. 75-க்கும் 30-க்கும் வித்தியாசம் 45 வாட்ஸ். தினம் 15 மணி நேரம் ஓடினா ரெண்டு மாசத்துல ஒரு ஃபேனுக்கு 40 யூனிட். மூணு ஃபேன்னா 120. ரெண்டு மாசத்துக்கு 500 யூனிட்டை ஒட்டி நிக்கற வீட்டுக்கு அந்த 120 ஸ்லாபையே (கட்டணப் படியையே) மாத்திடும்.

சோலை_சிவகாசி | 9.50
தினம் 15 மணி நேரம் மூணு ஃபேனையும் முழு வேகத்துலயா ஓட்டறாங்க?

மீட்டர்_முத்து | 9.53
வேகம் குறைச்சாலும் பிஎல்டிசிதான் மிச்சம். 1-ல வெச்சா பத்து வாட்ஸ்கூட வராது. பழைய பெட்டி ரெகுலேட்டர் மிச்சப் படுத்தற மாதிரி தெரியும், ஆனா குறையற கரண்ட்டை உள்ள இருக்கற கம்பிச் சுருள்ல சூடாத்தான் எரிக்குது.

பழைய_ஸ்பேனர் | 9.58
2023 ஜனவரியில இருந்து சீலிங் ஃபேனுக்கு நட்சத்திர லேபிள் கட்டாயம். அதைப் பார்த்து வாங்கத் தெரியாதவங்க என்ன வாங்கினா என்ன. இன்வெர்ட்டர் விஷயத்தை யாரும் பேசலையே. ஸ்கொயர் வேவ் இன்வெர்ட்டர்ல சாதா ஃபேன் உம்முனு இரையும். பிஎல்டிசி உள்ள வர்றதை டிசியா மாத்தித்தான் ஓட்டுது, அந்த இரைச்சல் வராது.

அளவுகோல் | 10.05
ஃபேன் சண்டைக்குத் தனி இழை போடுங்க, இங்க குழந்தைக்கு மேல ஒண்ணு ஆடிட்டிருக்கு. நிலா, ரெகுலேட்டர் எடுத்தாலும் ஆட்டம் போகாது, அது வேற விஷயம். ரெண்டு ஃபேனையும் ஒரே நேரத்துல பெட்டி பிரிச்சீங்களா?

நிலா_கும்பகோணம் | 10.12
ஆமா, ஹால்ல தரையில எல்லாத்தையும் ஒண்ணாப் பரப்பித்தான் மாட்டினார். ஏன்?

அளவுகோல் | 10.26
றெக்கை கலந்திருக்கு. ஒரு பெட்டிக்குள்ள வர்ற மூணு றெக்கையும் எடை பார்த்து ஜோடி சேர்த்தது. ஒரே மாடல், ஒரே நிறமா இருந்தாலும் அடுத்த பெட்டி றெக்கை சில கிராம் கூடவோ குறையவோ இருக்கும். அது நடுவுல இருந்து தள்ளி நின்னு சுத்தும்போது ஃபேன் தொங்கற ராடையே இழுத்து ஆட்டும். ரெண்டு ஃபேனும் சேர்ந்து ஆடறதுக்கு வேற காரணம் தேட வேண்டாம். றெக்கை அடிப்பக்கத்துல ஸ்டிக்கரோ எழுத்தோ இருக்கும், அதை வெச்சுப் பிரிங்க. இல்லைன்னா சமையல் தராசுல ஆறையும் நிறுத்து, நெருங்கின எடை மூணு மூணாப் பிரிச்சுக்கோங்க.

மாட்டினதும் ரெண்டு அளவு எடுங்க. ஒரு றெக்கை நுனியில இருந்து மச்சு வரைக்கும் ஸ்கேல் பிடிச்சு, ஸ்கேலை நகர்த்தாம ஃபேனைக் கையால சுத்தி மத்த ரெண்டையும் அதே இடத்துக்குக் கொண்டு வந்து பாருங்க. 3 மில்லிமீட்டருக்கு மேல வித்தியாசம் வந்தா அந்த றெக்கையை மோட்டாரோட சேர்க்கற பட்டை வளைஞ்சிருக்கு. அப்புறம் நுனிக்கு நுனி டேப். 1200 ஃபேன்ல சுமார் 104 சென்டிமீட்டர் வரும். சரியா 104 வரணும்னு இல்ல, மூணு இடைவெளியும் ஒண்ணா இருந்தா போதும்.

இதைவிட முக்கியம் மேல் கப்புக்குள்ள இருக்கு. கரண்ட்டை அணைச்சு கப்பை இறக்கிப் பாருங்க. கொக்கியில நேரா இரும்பு உட்காரக் கூடாது, நடுவுல கறுப்பு ரப்பர் புஷ் இருக்கணும், அதுக்குள்ள போல்ட் போகணும். போல்ட் முனையில நட்டு, அதுக்கு வெளியே ஸ்ப்ளிட் பின், பின்னோட ரெண்டு காலும் எதிரெதிரா விரிஞ்சிருக்கணும். ராடோட கீழ் முனை மோட்டாரைப் பிடிக்கற இடத்துலயும் அதே மாதிரி போல்ட்டும் பின்னும் உண்டு. ஆடற ஃபேன்ல நட்டு தானா இளகும், விழாம பிடிச்சு நிறுத்தறது அந்தப் பின்தான். கப்பு மச்சுல உரசாம ஒரு நூல் இடைவெளி விடுங்க.

அதுவரைக்கும் 2-க்கு மேல வேண்டாம். கட்டிலை ரெண்டடி தள்ளிப் போட முடிஞ்சா போடுங்க.

சோலை_சிவகாசி | 10.31
ரப்பர் புஷ் பத்தி அளவுகோல் சொன்னது நூத்துக்கு நூறு. பழைய ஃபேன் புஷ்ஷையே திரும்பப் போட்டிருந்தா மாத்திடுங்க, காய்ஞ்சு கல்லாயிருக்கும்.

நிலா_கும்பகோணம் | மறுநாள் மதியம் 1.15
ரெகுலேட்டர் 2-ல இருந்துச்சு. எலக்ட்ரீஷியன் வந்து ரெண்டு ரூம்லயும் எடுத்துட்டார், இப்ப 5-லயும் நிக்காம ஓடுது. றெக்கை கலந்துதான் இருந்துச்சு, ஒண்ணு மாறியிருக்கு. மாத்தினதும் ஆட்டம் இல்ல. பெட்ரூம் கொக்கி போல்ட்ல ஸ்ப்ளிட் பின்னே போடல, பாக்கெட்டோட பெட்டியில கிடந்துச்சு. போட்டாச்சு. எல்லாருக்கும் நன்றி, குழந்தை அழுது, வரேன்.

அளவுகோல் | 1.22
ஹால் ஃபேன் பின்னையும் பார்த்துடுங்க. அந்தப் பெட்டியிலயும் பாக்கெட் கிடக்கான்னு தேடுங்க.