95 டிகிரி வெயில், மூன்று நாளாக வடாம் காயவில்லை. அவசரம், யாராவது சொல்லுங்கள்

வெண்டைப்பூ
ஆகஸ்ட் 26, இரவு 9:40

அம்மா ஊரிலிருந்து வந்திருக்கிறார். செப்டம்பர் 14 அன்று கிளம்புகிறார். அதற்குள் எனக்கு ஒரு வருடத்துக்கு வடாம் போட்டு வைத்துவிட வேண்டும் என்று அவருக்கு ஆசை. மூன்று நாளைக்கு முன் விடியற்காலையில் எழுந்து கூழ் கிண்டிப் பிழிந்தார். வெயில் 95 டிகிரி, வெளியே நின்றால் தலை சுற்றுகிறது. வடாம் மட்டும் காயவே இல்லை. மேலே தோல் கட்டிவிட்டது, புரட்டினால் அடியில் பிசுபிசுவென்று ஒட்டுகிறது. இன்று ஓரத்தில் லேசாகப் புளித்த வாடை வருகிறது. தினமும் சாயங்காலம் மழை வேறு. போனில் வரும் பத்து நாளுக்கும் அதே மேகமும் மின்னலும்தான் காட்டுகிறது. "என் கைப்பக்குவம் போயிடுச்சோ" என்று அம்மா கேட்கிறார். அதுதான் எனக்குத் தாங்கவில்லை. எப்போது காயும்? என்ன செய்யலாம்?

நெல்லைத்தம்பி
ஆகஸ்ட் 26, இரவு 9:52

அக்கா, எந்த ஊர் என்று சொல்லவே இல்லையே. 95 என்றால் ஃபாரன்ஹீட்தானே? 35 செல்சியஸ். அமெரிக்காவா? பாளையங்கோட்டையில் 38 அடிக்கும், கூழ்வத்தல் ஒன்றரை நாளில் சலசலவென்று காய்ந்துவிடும். மூன்று டிகிரிக்கா இவ்வளவு வித்தியாசம்?

காரைக்குடி ஆச்சி
ஆகஸ்ட் 26, இரவு 10:05

அரிசிக் கூழா, ஜவ்வரிசியா? துணியில் பிழிந்தீர்களா, பிளாஸ்டிக் தாளிலா? இரவில் உள்ளே எடுத்தீர்களா? ஒன்றுமே சொல்லாமல் எப்படித் தாயி பதில் சொல்வது? எனக்குப் படுவது, கூழ் வேகவில்லை. கையைத் தண்ணீரில் நனைத்துத் தொட்டால் ஒட்டக் கூடாது. ஒட்டினால் எந்த ஊர் வெயிலிலும் அது காயாது.

முகில்நோக்கி
ஆகஸ்ட் 26, இரவு 10:18

ஊர் பெயர் இல்லை, ஈரப்பதம் இல்லை, இரவு வெப்பநிலை இல்லை. "வெயில் 95" என்று ஒரே ஒரு எண். வானிலை பற்றிக் கேட்க வருபவர்கள் முதலில் கேள்வியைச் சரியாகக் கேட்கப் பழக வேண்டும். வெயிலின் டிகிரி வடாமைக் காய வைப்பதில்லை. காற்றில் இன்னும் எவ்வளவு ஈரத்துக்கு இடம் இருக்கிறது என்பதுதான் காய வைக்கிறது. இதை இங்கேயே பலமுறை எழுதியிருக்கிறேன், பழைய இழைகளைத் தேடிப் படிக்கலாம். ஊரைச் சொல்லுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

வெண்டைப்பூ
ஆகஸ்ட் 26, இரவு 10:31

மன்னிக்கவும், அவசரத்தில் விட்டுப்போனது. ஜார்ஜியா. பச்சரிசிக் கூழ். பின்புற மர டெக்கில் அப்பாவின் பழைய வேட்டியை விரித்துப் பிழிந்தோம். ஆச்சி, கூழில் குறையே இல்லை. அம்மா கை நனைத்துத் தொட்டுப் பார்த்துத்தான் இறக்கினார், நான் பக்கத்தில் இருந்தேன்.

பீச் மரத்தடி
ஆகஸ்ட் 26, இரவு 10:40

ஜார்ஜியாவில் எங்கே? நான் அட்லாண்டா. ஜூலையில் ஜவ்வரிசி வடாம் போட்டேன், மூன்று நாளில் காய்ந்தது. ஆனால் எங்கள் ஊர் 1,000 அடி உயரத்தில் இருக்கிறது. கீழே கடலோரப் பக்கம் என்றால் கதையே வேறு.

அலபாமா அண்ணாச்சி
ஆகஸ்ட் 26, இரவு 11:02

தங்கச்சி, நான் ஆபர்ன்காரன். 14 வருடமாக இந்தத் தெற்குப் புழுக்கத்தில் கிடக்கிறேன். மூன்று விஷயம் சொல். எந்த ஊர்? டெக்குக்கு வெயில் எத்தனை மணிவரை? ராத்திரி வடாம் எங்கே தூங்குகிறது? மூன்றாவதுதான் முக்கியம். அப்புறம், தெற்கு ஜார்ஜியா என்றால் அந்தப் பொடி ஈத் தொல்லையும் இருக்குமே, மேலே வலைத்துணி போட்டிருக்கிறாயா?

வெண்டைப்பூ
ஆகஸ்ட் 27, காலை 7:15

ஸ்டேட்ஸ்பரோ. சவானாவிலிருந்து ஒரு மணி நேரம். வெயில் பத்து மணிக்கு வரும், இரண்டரைக்குப் பைன் மர நிழல் விழுந்துவிடும். இரவில் மேலே இன்னொரு வேட்டி போட்டு மூடி வெளியிலேயே விடுகிறோம். ஊரில் மொட்டைமாடியில் அப்படித்தானே விடுவோம்? மழை தூறினால் மட்டும் தூக்கிக்கொண்டு ஓடுவோம். இப்போது போய்ப் பார்த்தேன், மேலே மூடிய வேட்டி பிழிந்தால் தண்ணீர் வரும்போல நனைந்திருக்கிறது. ராத்திரி மழையே இல்லை. வேலைக்கு ஓடுகிறேன், மாலையில் பார்க்கிறேன்.

முகில்நோக்கி
ஆகஸ்ட் 27, காலை 7:48

இதை முதலிலேயே சொல்லியிருந்தால் ஓர் இரவு மிச்சமாகியிருக்கும். அந்த ஈரம் மழை இல்லை, பனி.

உங்கள் ஊருக்குத் தெற்கே மெக்சிகோ வளைகுடா, கிழக்கே அட்லாண்டிக். கோடை முழுக்க அட்லாண்டிக்கின் மேல் உட்கார்ந்திருக்கும் பெர்முடா உயர் அழுத்தம் அந்தக் கடல் காற்றை உங்கள் பக்கம் தள்ளிக்கொண்டே இருக்கும். ஆகஸ்ட் கடைசியில் கடல் நன்றாகச் சூடேறியிருக்கும், காற்றும் அந்த அளவுக்கு ஈரத்தைச் சுமந்து வரும். நேற்று உங்கள் ஊரில் டியூ பாயிண்ட், நம் பாடப்புத்தகத்தில் பனிநிலை, 75 ஃபாரன்ஹீட். இரவில் வெப்பம் 74, 75க்கு இறங்கியதும் காற்று அதற்கு மேல் ஈரத்தைத் தாங்காது. வேட்டியில் இறக்கிவிடும். பகலில் 95 அடிக்கும்போதும் ஈரப்பதம் 50 சதவீதத்துக்குக் கீழே போவதில்லை. நெல்லைத்தம்பி கேட்டதற்கும் இதுதான் பதில். கத்திரியில் திருச்சி, மதுரைப் பக்கம் மதியம் ஈரப்பதம் 35, 40க்கு இறங்கும். மூன்று டிகிரி பெரிய விஷயமே இல்லை.

இன்னொன்று. கூழில் உப்பு இருக்கிறது. ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்பு தானே காற்றிலிருந்து தண்ணீரை இழுக்கும். உங்கள் ஊரில் இரவு முழுக்க அது 90க்கு மேல். அதாவது பகலில் நான்கு மணி நேரம் காய்ந்ததை இரவு பத்து மணி நேரம் திரும்ப நனைத்திருக்கிறீர்கள்.

காரைக்குடி ஆச்சி
ஆகஸ்ட் 27, காலை 8:20

சரி, கூழில் குறையில்லை என்றால் நான் சொன்னதை விட்டுவிடுங்கள். ஆனால் வேட்டியிலேயே மூன்று நாள் வைத்திருப்பது தப்பு. ஒரு பக்கம் தோல் கட்டியதுமே வேட்டியைத் திருப்பிப் பின்னால் தண்ணீர் தெளித்து உரித்து, தாம்பாளத்தில் புரட்டிப் போட வேண்டும். ஈரத்துணி அடியில் கிடந்தால் அடிப்பக்கம் எங்கே காயும்?

மயிலாப்பூர் மாடி
ஆகஸ்ட் 27, காலை 8:44

முகில்நோக்கி சார் சொல்வதில் ஒன்று இடிக்கிறது. சென்னையில் மே மாதம் டியூ பாயிண்ட் 25 செல்சியஸ் இருக்கும், ஸ்டேட்ஸ்பரோவை விட அதிகம். ஆனால் எங்கள் வீட்டில் 40 வருடமாக மாடியில் வடாம் காய்கிறது. அது எப்படி?

முகில்நோக்கி
ஆகஸ்ட் 27, காலை 9:10

மே மாதம் சென்னையில் காலையிலிருந்து கடற்காற்று நுழையும் வரை மேற்கேயிருந்து நிலக்காற்று அடிக்கும். சில நாள் அது மதியம் தாண்டியும் நீடிக்கும். வடாம் காய்வது அந்த நேரத்தில்தான். உங்கள் பாட்டி காலை ஆறு மணிக்கே பிழிந்தது எதற்கு என்று நினைக்கிறீர்கள்?

மயிலாப்பூர் மாடி
ஆகஸ்ட் 27, காலை 9:22

மொட்டைமாடித் தளத்தை விட்டுவிட்டீர்களே. மே மாதம் அது 50 செல்சியஸைத் தாண்டும், கால் வைக்க முடியாது. வடாம் அடியிலிருந்தும் காய்கிறது. இவர்களோ பைன் மர நிழலில் மர டெக்.

முகில்நோக்கி
ஆகஸ்ட் 27, காலை 9:25

அதுவும் சரிதான்.

பீச் மரத்தடி
ஆகஸ்ட் 27, காலை 10:03

இந்த வாரம் ஸ்டேட்ஸ்பரோவுக்கு தினமும் 40 சதவீதம் மழை என்று போட்டிருக்கிறது. ஊரில் 40 சதவீத இடத்தில்தான் பெய்யும் என்று அர்த்தம். டெக் எந்தப் பக்கம் இருக்கிறதோ, பிழைத்தாலும் பிழைக்கலாம்.

நெல்லைத்தம்பி
ஆகஸ்ட் 27, காலை 10:11

நாளில் 40 சதவீத நேரம் மழை என்றல்லவா நான் நினைத்தேன்?

முகில்நோக்கி
ஆகஸ்ட் 27, காலை 10:30

இரண்டும் தவறு. அமெரிக்க வானிலைச் சேவை சொல்வது, உங்கள் இடத்தில் அந்த முன்னறிவிப்புக் காலத்துக்குள் 0.01 அங்குலமாவது மழை பதிவாக எவ்வளவு வாய்ப்பு என்பது. கால் மில்லிமீட்டர். எத்தனை நேரம், எவ்வளவு பலமாக என்பதெல்லாம் அந்த எண்ணில் கிடையாது. கோடைகாலத்து 40 சதவீதம் என்றால் பெரும்பாலும் மதியம் இரண்டு மணிக்கு மேல் அங்கங்கே கொப்பளிக்கும் இடிமழை. அரை மணி நேரம் கொட்டிவிட்டு வெயில் அடிக்கும், அடுத்த தெரு காய்ந்து கிடக்கும். போனில் வரும் மின்னல் படத்தை வைத்து ஒரு முடிவும் எடுக்கக் கூடாது.

பீச் மரத்தடி
ஆகஸ்ட் 27, காலை 10:38

அடுத்த தெரு காய்ந்து கிடக்கும் என்று நீங்களே சொல்கிறீர்கள். நான் சொன்னதும் அதுதானே சார். கொஞ்சம் மரியாதையாகச் சொன்னால் என்ன?

தஞ்சாவூர்க் கவிராயர் தெரு
ஆகஸ்ட் 27, மதியம் 12:15

நடுவில் ஒரு வார்த்தை. அரிசிக்கூழில் பிழிவது வடாம். வத்தல் என்றால் சுண்டைக்காய், மணத்தக்காளி. தம்பி கூழ்வத்தல் என்கிறாரே?

நெல்லைத்தம்பி
ஆகஸ்ட் 27, மதியம் 12:21

எங்கள் பக்கம் அது வத்தல்தான் ஐயா. வற்றியது எல்லாம் வத்தல்.

காரைக்குடி ஆச்சி
ஆகஸ்ட் 27, மதியம் 12:40

சின்ன வெங்காயம் இடித்து உருட்டி வைப்பதைத்தான் எங்கள் வீட்டில் வடகம் என்போம், தாளிக்க. அதை வேறு வடாம் என்று போட்டுக் குழப்பாதீர்கள். முதலில் அந்தப் பெண்ணுக்கு வழி சொல்லுங்கள்.

அலபாமா அண்ணாச்சி
ஆகஸ்ட் 27, மதியம் 1:30

ஆச்சி சொன்னதுதான் சரி. தங்கச்சி, கேட்டுக்கோ.

புளித்த வாடை வந்த ஈட்டை மனசு பார்க்காமல் கொட்டிவிடு. ஓரத்தில் பூசணப் புள்ளி தெரியாவிட்டாலும் கொட்டிவிடு. அம்மாவிடம் சொல், கைப்பக்குவத்தில் ஒன்றும் இல்லை, காற்றுதான் ஈரம்.

உன் ஊரைச் சுற்றி வயல் முழுக்க வேர்க்கடலை, பார்த்திருப்பாய். அமெரிக்கக் கடலையில் பாதி ஜார்ஜியாவில்தான் விளைகிறது. செப்டம்பரில் பிடுங்கிச் செடியைத் தலைகீழாகப் புரட்டி, காய் மேலே தெரிய வரிசையாகப் போட்டிருப்பார்கள். மண்ணிலிருந்து தூக்கிக் காற்றுக்குக் காட்டத்தான் அது. அங்கேயே முழுதும் காயும் என்று அவர்களும் விட்டுவிடுவதில்லை. பாதி காய்ந்ததும் வண்டியில் அள்ளி, அடியிலிருந்து வெதுவெதுப்பான காற்றை ஊதிக் காய வைப்பார்கள். இந்த ஊர் விவசாயியே வெயிலை மட்டும் நம்புவதில்லை.

நம்மிடம் அந்த வண்டிக்குப் பதில் கார் இருக்கிறது. காலை ஒன்பது மணிக்குக் காரை நல்ல வெயிலில் நிறுத்து, நிழல் விழாத இடமாக. தாம்பாளங்களைப் பின்சீட்டிலும் டிக்கியிலும் பரப்பு. கண்ணாடியை ஒரு விரல் அகலம் இறக்கி வை, ஈரம் வெளியே போக வேண்டும். உள்ளே 60 செல்சியஸ் வரும். அதே காற்றுதான், ஆனால் அந்தச் சூட்டில் ஈரப்பதம் 15 சதவீதம் போல ஆகிவிடும். இரண்டு மணிக்குக் கிழக்கிலோ தெற்கிலோ காலிஃபிளவர் மாதிரி மேகம் எழும்பினால் கண்ணாடியை ஏற்றிவிடு. சாயங்காலம் தாம்பாளத்தை வீட்டுக்குள் ஏசி ஓடும் அறையில் ஃபேனுக்கு அடியில் வை. ராத்திரி ஒரு நிமிடம்கூட வெளியே வேண்டாம். சின்ன ஈடாக, மெல்லிசாகப் பிழியச் சொல்.

முகில்நோக்கி
ஆகஸ்ட் 27, மாலை 4:05

கார் யோசனை கணக்குக்குச் சரியாக வருகிறது. வெளியே காய வைத்தே தீர வேண்டும் என்றால் எப்போது என்று சொல்கிறேன். வெதர் டாட் கவ் தளத்தில் உங்கள் ஊர் அஞ்சல் எண்ணைப் போட்டு, மணிவாரி வரைபடத்தைத் திறங்கள். அதில் டியூ பாயிண்ட் கோட்டை மட்டும் பாருங்கள். அது 60 ஃபாரன்ஹீட்டுக்குக் கீழே போகும் நாள் உங்கள் நாள். உங்கள் ஊர் ஜார்ஜியாவில் இருந்தாலும் முன்னறிவிப்பு எழுதுவது தென் கரோலினாவின் சார்ல்ஸ்டன் அலுவலகம். அவர்கள் எண்ணோடு நிற்காமல் காரணத்தையும் எழுதுகிறார்கள், படிக்கலாம். இன்றைய நிலவரப்படி வடக்கேயிருந்து வரும் குளிர்முகம், அதாவது உலர்ந்த குளிர்காற்றின் முன்விளிம்பு, அட்லாண்டா பக்கத்திலேயே நின்றுவிடும். ஒரு வாரத்துக்கு உங்களுக்கு அதே 93, 95, அதே 75, அதே சாயங்கால மழை. உலர்ந்த காற்று உங்கள் ஊர்வரை இறங்குவது பொதுவாக செப்டம்பர் பாதிக்கு மேல்தான். அக்டோபர் அங்கே வருடத்திலேயே வறண்ட மாதங்களில் ஒன்று. அம்மா அதற்குள் கிளம்பிவிடுவார் என்பதுதான் சிக்கல்.

புயலையும் கவனியுங்கள். அட்லாண்டிக் புயல் பருவம் உச்சம் தொடுவது செப்டம்பர் 10 வாக்கில்.

பீச் மரத்தடி
ஆகஸ்ட் 27, மாலை 4:30

அதை லேசாக எடுத்துக்கொள்ள வேண்டாம். 2024 ஆகஸ்டில் டெபி புயல் நகராமல் நின்று கொட்டியபோது ஸ்டேட்ஸ்பரோ சுற்றுவட்டாரத்தில் குட்டை அணைகள் உடைந்து சாலையை அறுத்துக்கொண்டு போனது. அடுத்த மாதமே ஹெலீன் புயல். அம்மாவின் விமானத்தையும் ஒரு கண் பார்த்துக்கொள்ளுங்கள்.

காரைக்குடி ஆச்சி
ஆகஸ்ட் 29, காலை 6:50

என்ன தாயி ஆச்சு? திரும்பப் பிழிந்தீர்களா?

அலபாமா அண்ணாச்சி
ஆகஸ்ட் 31, இரவு 8:12

தங்கச்சி?

நெல்லைத்தம்பி
செப்டம்பர் 3, மதியம் 2:00

எனக்கும் முடிவு தெரிய வேண்டும். அத்தை அடுத்த வருடம் டல்லாஸ் போகிறார், கேட்டுக்கொண்டே இருக்கிறார்.

வெண்டைப்பூ
செப்டம்பர் 15, இரவு 11:20

மன்னிக்கவும், இந்தப் பக்கமே வர முடியவில்லை. பழைய ஈட்டைக் கொட்டினோம். காரில் வைத்தோம். இரண்டு பகல், ஓர் இரவு ஏசி அறை. காய்ந்தது, உடைத்தால் சத்தம் வந்தது. அம்மா ஒன்று பொரித்துப் பார்த்தார், எண்ணெயில் போட்டதும் வெள்ளையாகப் பூத்தது. அதற்கப்புறம் நான்கு ஈடு அவரே போட்டார், தினமும் மதியம் மேகம் பார்த்துக் கண்ணாடி ஏற்றியது அவர்தான். இரண்டு டப்பா நிறைய இருக்கிறது. நேற்று சவானாவில் விமானம் ஏற்றிவிட்டேன். கார் முழுக்கச் சீரக வாசனை. அண்ணாச்சிக்கும் முகில்நோக்கி சாருக்கும் ஆச்சிக்கும் நன்றி.

காரைக்குடி ஆச்சி
செப்டம்பர் 16, காலை 6:30

நல்லது தாயி. டப்பாவை மாதம் ஒரு தடவை திறந்து பார்.

நெல்லைத்தம்பி
செப்டம்பர் 16, காலை 9:05

அக்கா, கண்ணாடி எத்தனை விரல் இறக்கினீர்கள்? ஒரு காரில் எத்தனை தாம்பாளம் பிடித்தது?