மேல்மாடிக்கு யார் வருவார்கள்?

குழு: கொக்குவில் வீடு, யாழ்ப்பாணம்
2025 ஜனவரி 12, ஞாயிறு

[மாலை 6:40] கஜன்: செய்தி பார்த்தீர்களா? போன வருடம் இலங்கைக்கு 20 லட்சத்து 53 ஆயிரம் வெளிநாட்டுக்காரர் வந்திருக்கிறார்கள். இனியும் அம்மம்மா வீட்டு மேல்மாடியில் வெங்காயமும் பழைய தும்பு மெத்தையும்தான் கிடக்க வேண்டுமா?

[6:43] பவானி சித்தி: அது நல்ல மெத்தை.

[6:44] கஜன்: சித்தி, இரண்டு அறைக்கும் வெள்ளையடித்து, ஒரு பாத்ரூம் கட்டி, ஆட்களுக்கு நாள் வாடகைக்கு விடலாம் என்கிறேன். இங்கே ஒழுங்கைக்கு ஒழுங்கை செய்கிறார்கள்.

[6:51] ரவி மாமா: தம்பி, அந்த 20 லட்சம் நாட்டுக்குள் நுழைந்த கணக்கு. கொக்குவிலில் வந்து இறங்கிய கணக்கு இல்லை.

[6:52] கஜன்: தொடங்கிவிட்டார் கணக்காளர் 😄

[6:58] ரவி மாமா: சிரி. 2018இல் 23 லட்சத்து 33 ஆயிரம் பேர் வந்தார்கள். அடுத்த ஏப்ரலில் உயிர்த்த ஞாயிறு குண்டு. அதற்கு அடுத்த வருடம் கொரோனா. 2021இல் முழு நாட்டுக்கும் 2 லட்சம் பேர்கூட இல்லை. நான் அப்போது கிழக்குக் கரையில், பாசிக்குடா ஹோட்டேலில். மாதம் முடிந்து பதிவேட்டைத் திறந்தால் ஒரு வெளிநாட்டுப் பெயர் இல்லை. நீச்சல் குளத்தில் தவளை குடியிருந்தது. ஏறின எண்ணிக்கை இறங்கவும் செய்யும், பார்த்துக் காசைப் போடு.

[7:01] கஜன்: இப்போது ஏறுகிறதுதானே மாமா. 2023இல் 14 லட்சத்து 87 ஆயிரம். ஒரே வருடத்தில் இவ்வளவு கூடியிருக்கிறது.

[7:06] ரவி மாமா: கூடியது எங்கே படுக்கிறது என்று பார். சுற்றுலா அபிவிருத்தி அதிகாரசபை நாட்டைப் பிரித்து வைத்துத்தான் எண்ணும். கொழும்பு, தெற்குக் கரை, மலைநாடு, பழைய இராசதானிகள், கிழக்குக் கரை, வடக்கு. எந்தப் பக்கத்தில் வெளிநாட்டவர் எத்தனை இரவு தங்கினார்கள் என்று எழுதுவார்கள். நான் அந்தப் படிவம் நிரப்பிய காலம் முழுக்க வடக்கு கடைசி வரிசைதான்.

[7:07] கஜன்: ஏன் அப்படி? சண்டை முடிந்தும் இத்தனை வருடமாகிவிட்டதே.

[7:15] ரவி மாமா: வருகிறவனுக்குப் பத்து நாள் லீவு என்று வை. சிகிரியா ஏறி, கண்டி பார்த்து, ரயிலில் எல்லவுக்குப் போய் ஒன்பது வளைவுப் பாலத்தில் படம் எடுத்து, யாலவில் சிறுத்தை தேடி, மிரிஸ்ஸவில் கடலில் கால் நனைத்துவிட்டு நெடுஞ்சாலையால் கட்டுநாயக்கா விமான நிலையம். ஒரு வட்டம். அதன் மேல் நுனி அனுராதபுரத்தைத் தாண்டாது. கொழும்பிலிருந்து இங்கே கிட்டத்தட்ட 400 கிலோமீற்றர். வந்து போகவே அவனுக்கு இரண்டு நாள் செத்துவிடும்.

[7:22] தர்ஷன்: தெற்குக் கரை வெலிகமவிலிருந்து வணக்கம் 🙏 இங்கே ரூமே இல்லை மச்சான். போன கிழமை இரண்டு ரஷ்யப் பெடியன்கள் வராந்தாவில் படுத்துவிட்டுப் போனார்கள். தேநீர்க் கடைப் பலகையில்கூட ரஷ்ய எழுத்து.

[7:23] பவானி சித்தி: நீ பொத்துவிலில் அல்லவா இருந்தாய்?

[7:27] தர்ஷன்: அது சோழகத்துக்கு, தென்மேற்குக் காற்றுக் காலத்துக்கு மாமி. வைகாசியில் சோழகம் எழும்பினால் தெற்கில் கடலும் மழையும் கண்ணைத் திறக்க விடாது, பொத்துவில் பக்கத்து அறுகம்குடாவில் நல்ல வெயில், நல்ல அலை. வடகிழக்கிலிருந்து வாடைக் காற்று தொடங்கினால் எல்லாம் மாறி நடக்கும். சித்திரை முடிய அலைப்பலகைகளை வான் வண்டியின் மேல் கட்டிக்கொண்டு நாங்களும் கிழக்குக்குப் போவோம், ஐப்பசியில் திரும்புவோம். முதலாளியும் சமையல்காரரும் நாயும் அதே.

[7:28] பவானி சித்தி: அப்போ எங்கட பக்கத்துக்கு எந்தக் காற்றில் வருவார்கள்?

[7:29] ரவி மாமா: நல்லூர்க் கோயில் திருவிழாவுக்குக் கொடியேறினால் வருவார்கள்.

[7:34] நிரோ (ரொறன்ரோ): இப்போதுதான் எல்லாம் வாசித்தேன். மாமா, ஒரு சந்தேகம். போன ஆகஸ்டில் நான் வந்தேனே, அந்த 20 லட்சத்தில் நானும் இருக்கிறேனா?

[7:36] ரவி மாமா: கனடாப் பாஸ்போட்தானே?

[7:36] நிரோ: ஓம்.

[7:37] ரவி மாமா: சுற்றுலா விசா?

[7:37] நிரோ: ஓம் ஓம்.

[7:39] ரவி மாமா: அப்போ நீயும் ஒரு சுற்றுலாப்பயணி. சொந்தக்காரரைப் பார்க்க வந்தாலும் அந்தக் கணக்குத்தான். சரி, இரவில் எங்கே படுத்தாய்?

[7:40] நிரோ: சித்தி வீட்டு ஹோலில், பாயில். ஃபேனுக்குப் பக்கத்து இடத்துக்குக் கஜனோடு சண்டை பிடித்து 😭

[7:42] ரவி மாமா: விமான நிலையம் உன்னை எண்ணியது. ஹோட்டேல் இரவுக் கணக்கில் நீ இல்லை. உன்னைப் போல லண்டன், பாரிஸ், சூரிச்சிலிருந்து வருகிற எங்கட சனத்தில் எத்தனை பேர் ரூம் எடுக்கிறார்கள்? வடக்கு கடைசி வரிசையில் நிற்பதற்குப் பவானியின் பாயும் ஒரு காரணம்.

[7:43] பவானி சித்தி: என் பாயில் என்ன குறை அண்ணா?

[7:49] கஜன்: வெள்ளைக்காரரை விடுங்கள். வந்தவர்களில் ஐந்துக்கு ஒருவர் இந்தியாக்காரர், 4 லட்சத்துக்கு மேல். இரண்டாவது ரஷ்யா, அதில் பாதிதான். சென்னையிலிருந்து இங்கே பலாலிக்கு விமானம் இருக்கிறது, நாகபட்டினத்திலிருந்து எங்கட காங்கேசன்துறைக்குக் கப்பலும் போன ஆகஸ்டில் திரும்பத் தொடங்கிவிட்டது.

[7:53] ரவி மாமா: விமானம் சின்னது. எழுபது பேரளவில்தான் ஏறலாம், அந்த ஓடுபாதையில் பெரியது இறங்காது. இந்தியாக்காரரிலும் மிச்சப்பேர் கட்டுநாயக்காவில்தான் இறங்குகிறார்கள். ஆனால் நீ சொல்வதில் விஷயம் இருக்கிறது. அவர்கள் குடும்பமாக வருவார்கள், கோயில் கேட்பார்கள், மரக்கறிச் சாப்பாடு கேட்பார்கள். பாணும் ஜாமும் வைத்தால் சரிவராது.

[7:55] தர்ஷன்: மாமியின் தோசை இருக்கும்போது என்ன கவலை.

[8:04] பவானி சித்தி: வெள்ளைக்காரரும் வருவார்கள். மாசியில் ஒரு சோடி சைக்கிளில் வந்து, காற்றுப் போய்ப் படலையடியில் நின்றார்கள். பிரான்ஸாம். தண்ணீர் கேட்டார்கள். கிணற்றில் அள்ளிக் கொடுத்தேன். அந்தப் பிள்ளை தானும் அள்ள வேண்டும் என்று வாளியோடு நின்று, பாதித் தண்ணீரைத் தன் காலில் ஊற்றினாள். அன்றைக்குப் பனங்கிழங்கு மாவில் ஒடியல் கூழ். இரண்டு பேரும் பிலாவிலையில் குடித்தார்கள். உறைப்பில் அவனுக்கு மூக்கும் கண்ணும் ஒன்றாக ஓடியது, ஆனாலும் இரண்டாந்தரம் கேட்டான். பொழுதுபடத்தான் போனார்கள்.

[8:05] கஜன்: எவ்வளவு தந்தார்கள்?

[8:06] பவானி சித்தி: யார்?

[8:06] கஜன்: அவர்கள் சித்தி. காசு.

[8:08] பவானி சித்தி: தண்ணீருக்கும் கூழுக்கும் காசா? நீட்டினார்கள், வேண்டாம் என்றேன். காய்ந்த பனம்பழக் களியில் செய்த பினாட்டு ஒரு துண்டு சுற்றிக் கொடுத்து அனுப்பினேன்.

[8:09] தர்ஷன்: மச்சான், திட்டத்தில் முதல் நட்டம் 😂

[8:10] கஜன்: இந்தச் செய்தி நீக்கப்பட்டது

[8:11] நிரோ: என்ன அழித்தாய்?

[8:12] கஜன்: ஒன்றுமில்லை.

[8:17] நிரோ: சரி, எனக்கு ஒரு அலுவல். இந்த ஆகஸ்டில் நாங்கள் நாலு பேர், மூன்று கிழமை. பிள்ளைகள் பாயில் படுக்க மாட்டார்கள். கஜன், பாத்ரூமை அதற்குள் கட்டி முடி. மேல்மாடி எனக்கு.

[8:18] கஜன்: ஒரு இரவுக்கு எவ்வளவு தருவீர்கள் அக்கா?

[8:18] பவானி சித்தி: அவளிடம் காசு கேட்டாயோ, இன்றைக்கு உனக்குச் சோறில்லை.

[8:21] ரவி மாமா: காசு வாங்காவிட்டாலும் வீட்டைப் பதிவு செய், ஒரு கொப்பி வாங்கி வை. பெயர், நாடு, எத்தனை இரவு. நாலு பேர், 21 இரவு, 84. வடக்குக்கு 84 கூடட்டும்.

[8:26] பவானி சித்தி: அதெல்லாம் சரி. வெங்காயத்தை எங்கே வைக்கிறது?