புதுப்பிப்பு: அந்தப் பல்லி வெறும் செல்லப்பிராணி இல்லை போலிருக்கிறது

போன இழையில், டிஸ்னியின் 'ஃப்ரோசன் 2' அனிமேஷன் படம் வரும் முன்பே கடைக்கு வந்த பொம்மைகளை வைத்து, அந்தக் குட்டி நீலப் பல்லி சும்மா சிரிக்க வைக்க வந்த ஜீவன், விற்பதற்காகவே சேர்த்திருக்கிறார்கள் என்று அடித்துச் சொல்லியிருந்தேன். சரி, வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

"அது பல்லி இல்லை, சாலமாண்டர்" (பல்லி போலிருக்கும் நீர்நில வாழ் உயிர்) என்று ஒருவர் பதில் போட்டிருந்தார், அதைப் படித்ததும்தான் பொறி தட்டியது. சாலமாண்டர் நெருப்பில் வாழும் என்பது ஐரோப்பாவின் பழைய நம்பிக்கை. 16ஆம் நூற்றாண்டில் பாராசெல்சஸ் என்ற சுவிஸ் மருத்துவர் நிலம், நீர், நெருப்பு, காற்று என்ற நான்கு பூதங்களுக்கும் ஆளுக்கொரு உயிரை ஒதுக்கியபோது நெருப்புக்குக் கொடுத்தது இதைத்தான். பொம்மையின் முதுகைப் பெரிதாக்கிப் பாருங்கள், ஊதாவும் இளஞ்சிவப்புமாகத் திட்டுகள், ட்ரெய்லரில் காடு எரிகிற தீயும் கிட்டத்தட்ட அதே நிறம்!

படத்தின் நாயகி எல்சாவோடு வரும் குதிரை 'நாக்' (Nokk) என்பதில் யாருக்கும் சந்தேகமில்லை, நார்டிக் கதைகளில் குதிரை வடிவெடுக்கும் நீர் ஆவி அது. ஆக நீருக்கும் நெருப்புக்கும் ஆள் கிடைத்தாச்சு. நிலத்துக்கு அந்தப் பாறை ராட்சதர்கள் என்று வைத்துக்கொண்டால், மிச்சம் காற்று. காற்றைப் பொம்மையாகச் செய்து பெட்டியில் அடைக்க முடியாதே, அதனால்தான் கடையில் காணோமோ என்னவோ.

எல்சா இதில் எங்கே வருகிறாள்? இந்த நான்குக்கும் மேலே ஐந்தாவது ஆவியே அவள்தான் என்பது என் புதுப் பந்தயம். தப்பாகப் போனால், படம் வெளியாகும் 2019 நவம்பர் 22க்கு அப்புறம் இங்கேயே வந்து திட்டுங்கள்.