‘ட்ரான்ஸ்ஃபியூஷன் ரியாக்‌ஷன்’ – தமிழில் என்ன? வெள்ளிக்கிழமை அச்சு

வெள்ளவத்தை, மொழிபெயர்ப்பாளர்:
வணக்கம். தலசீமியா என்ற பரம்பரை இரத்தச்சோகை உள்ள பிள்ளைகளின் பெற்றோருக்கான கைநூல் இது. மூன்று நான்கு கிழமைக்கு ஒருமுறை இரத்தம் ஏற்றும் பிள்ளைகள். ஏற்றும்போதோ முடிந்து 4 மணித்தியாலத்துக்குள்ளோ உடல்வெப்பம் 1 பாகை செல்சியஸாவது கூடி 38ஐத் தொட்டால் அது ரியாக்‌ஷனில் ஒரு வகை. தோல் தடித்தால் இன்னொரு வகை. பொதுப்பெயராக ‘குருதிமாற்ற எதிர்விளைவு’ என்று போட்டிருக்கிறேன். சரியா?

கொட்டாஞ்சேனை, இளைப்பாறிய விஞ்ஞான ஆசிரியர்:
‘மாற்றம்’ வேண்டாம் தங்கச்சி. கடும் மஞ்சள் காமாலை கண்ட பச்சைக் குழந்தைக்கு உள்ளதை எடுத்துவிட்டு வேறு ஏற்றுகிறார்களே, அதுதான் மாற்றம். இது ஏற்றம். ரியாக்‌ஷனுக்கு எங்கள் இரசாயனப் பாடநூலில் ‘தாக்கம்’ இருக்கிறது: ‘குருதியேற்றத் தாக்கம்’. குருதியை மட்டும் விட்டுவிடாதீர்கள். குறுந்தொகை முதற்பாட்டிலேயே காந்தள் ‘குருதிப்பூ’.

தெஹிவளை, தமிழ் விரிவுரையாளர்:
‘ஊறுபாடு’ இருக்கத் தாக்கம் ஏன்? குறள் 945: ‘மாறுபாடு இல்லாத உண்டி மறுத்துண்ணின் ஊறுபாடு இல்லை உயிர்க்கு.’ 27ஆம் குறளில் ‘ஊறு’ தொடுபுலன். புறத்திலிருந்து ஒன்று வந்து தொடுகிறது, துன்பம் பிறக்கிறது. இரண்டும் ஒரே சொல்லில் நிற்கின்றன.

சிறுவர் வாட்டுத் தாதி:
ஐயா, அழகான சொல். ஆனால் இரவு இரண்டு மணிக்கு வாசிக்கிற தாய்க்கு விளங்க வேணும். ஒரு பிள்ளை வயிற்றைச் சொறிந்துகொண்டிருந்தது. சட்டையைத் தூக்கினால் நுளம்பு கடித்த மாதிரித் திட்டுத்திட்டாய்த் தடிப்பு. தாய் கேட்டது, “இரத்தம் ஒத்துக்கொள்ளேல்லையோ, குறூப் மாறிப் போச்சுதோ?” ‘தாக்கம்’ என்றால் இன்னும் பயப்படும். ‘அரிப்பு’ என்றும் போடாதேங்கோ அக்கா. எங்கட சனத்துக்கு அது ‘கடி’.

குழந்தை மருத்துவர்:
தாதி சொன்னதுதான் முக்கியம். தடிப்பு பெரும்பாலும் கொடையாளியின் பிளாஸ்மாவில், அதாவது இரத்தத்தின் நீர்ப்பகுதியில், உள்ள புரதத்தால். அதனால் பிளாஸ்மாவும் குருதிச்சிறுதட்டும் (பிளேட்லெட்) ஏற்றும்போது கூடுதல். காய்ச்சல் வெண்குழியங்களால், அல்லது பையில் இருக்கும்போதே அவை வெளிவிட்ட பொருட்களால். வெண்குழியங்களை வடிகட்டிவிட்டு ஏற்றினால் குறையும். இரண்டிலும் குறூப் பிழைக்கவில்லை. ஆனால் குறூப் பிழைத்தாலும், பையில் கிருமி இருந்தாலும் முதலில் தெரிவது இதே காய்ச்சல்தான். ஏற்றுவதை நிறுத்திப் பார்த்தபின்புதான் எது என்று சொல்லலாம். ஆகவே பெயர் பயமுறுத்தவும் கூடாது, தாயைச் சும்மா இருக்க வைக்கவும் கூடாது. ‘ஒவ்வாமை’யைத் தடிப்புக்கு மட்டும் வையுங்கள், காய்ச்சலுக்கும் போட்டால் ‘ஒவ்வாத இரத்தம்’ என்று குழம்பிப்போகும்.

தெஹிவளை, தமிழ் விரிவுரையாளர்:
அப்படியானால் ஊறுபாடு இன்னும் பொருந்துகிறது. அது யாரையும் குற்றம் சொல்லவில்லை.

கொட்டாஞ்சேனை, இளைப்பாறிய விஞ்ஞான ஆசிரியர்:
தாக்கத்தை விட்டுவிடுகிறேன். ‘ஏற்றம்’ இருக்கட்டும்.

வெள்ளவத்தை, மொழிபெயர்ப்பாளர்:
தலைப்பு: ‘இரத்தம் ஏற்றும்போது வரக்கூடிய காய்ச்சலும் ஒவ்வாமையும்’. அதன் கீழே தடித்த எழுத்தில்: ‘பிள்ளை குளிருது, கடிக்குது, மூச்சு முட்டுது என்றால் உடனே தாதியைக் கூப்பிடுங்கள்.’ பின்பக்க அட்டவணையில் மட்டும் ‘குருதியேற்ற எதிர்விளைவு’. நால்வர் சம்மதம். ஐயா, ஊறுபாட்டுக்கு இம்முறை இடமில்லை.

தெஹிவளை, தமிழ் விரிவுரையாளர்:
என் மறுப்பைப் பதிந்துகொள்ளுங்கள். இரண்டாம் பதிப்பு வரும்போது திரும்பவும் கேட்பேன்.